கிழங்கு எல்லாருக்கும், மீன் யாருக்கு?

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை போகிற வழியில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சாளைக் குழம்பும் (மத்தி மீன்) இருக்கும். 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர்க்காரர்கள். 1880 முதல் 1885 வரை அங்கே ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய பயிர்தான் இந்தக் கிழங்கு. கிழங்கில் பெரும்பங்கு மாவுச்சத்து. 100 கிராமில் ஒன்றிரண்டு கிராம் புரதம் தேறினால் அதிகம். அந்தக் குறையைச் சாளை தீர்த்துவிடும்: 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம், குழைய வெந்த முள்ளில் சுண்ணாம்புச்சத்து. நல்ல சேர்மானம்தான், இரண்டும் ஒரே தட்டுக்கு வந்தால்.

வருவதில்லை. வேலைக்குப் போகிற ஆணுக்கும் பையனுக்கும் மீன் துண்டு, பெண்பிள்ளைக்கு வால், பாட்டிக்குச் சாறு. முதல் தவறு இந்தப் பங்கீடுதான்.

மாதவிலக்கு தொடங்கிய பெண்பிள்ளைக்கு இரும்புச்சத்துத் தேவை கூடுகிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்த நிலையில் சாப்பாட்டோடு சேர்த்துக் கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) குடித்தால் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. சாயாவை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். சோற்றோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ இருக்கட்டும். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒன்று தருகிற நீல இரும்புச்சத்து மாத்திரையை, வயிற்றைப் புரட்டுகிறது என்று பையிலேயே போட்டுவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் பெரும்பாலும் அந்தத் தொல்லை இராது.

கைக்குழந்தை விஷயத்தில் எங்கள் பக்கத்துத் தவறு ஏத்தங்காய் (நேந்திரங்காய்) பொடி. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதற்குப் பிறகு அந்தப் பொடியைக் காய்ச்சிய ஏத்தங்காய்க் குறுக்கு கொடுக்கலாம், ஆனால் அதையே மூன்று நேரமும் கொடுப்பதால் குழந்தை கொழுகொழுவென்று தெரிந்தாலும் புரதமும் இரும்பும் கிடைக்காது. மசித்த சிறுபயறு, முட்டை, முள் பார்த்து எடுத்த மீன் எல்லாம் வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் ஓடுகிற அளவுக்குத் தண்ணியாகக் கரைக்காதீர்கள். ஒரு வயதுக்குள் நாக்கில் தேன் தொட்டு வைப்பது ஆபத்து. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

கர்ப்பிணியை “ரெண்டு பேருக்குச் சாப்பிடு” என்கிறோம். ஒரு நாளைக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது சுமார் 350 கலோரி, சாம்பாரோடு இரண்டு இட்லியும் ஒரு தம்ளர் பாலும்போல. பால் கொடுக்கும் முதல் ஆறு மாதத்தில்தான் அது 600 ஆகிறது. ஆனால் அப்போதுதான் பத்தியம் என்று மீனையும் கீரையையும் தண்ணீரையும்கூட நிறுத்துகிறோம்! இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

நாற்பதைத் தாண்டியவர்கள் “சுகருக்குச் சோற்றைக் குறைச்சாச்சு” என்று சொல்லிவிட்டு ஒரு தட்டு நிறையக் கிழங்கு தின்கிறார்கள். ரெண்டும் மாவுச்சத்துதான். உப்பும் கவனம்: ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் நிற்க வேண்டும். கருவாடும் ஊறுகாயும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

எங்கள் அம்மச்சி கடைசி வருஷங்களில் காலையில் கஞ்சியும் நார்த்தங்காயும், மத்தியானம் கிழங்கும் மீன்சாறும்தான். “எனக்குச் சாறு போதும் மக்களே, மீனைப் பிள்ளைகளுக்கு வை” என்பாள். கட்டிலிலிருந்து எழும்ப ஓரச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஒருதரம் உன்னி, மறுபடி உட்கார்ந்து, இரண்டாம் தரம்தான் எழும்புவாள். முட்டிக்குக் கீழே கால் கம்பு மாதிரி மெலிந்திருந்தது. வயசாச்சு என்று விட்டுவிட்டோம்.

வயதானால் பசி குறையும், புரதத் தேவை குறையாது. தசை கரைகிற வயது அது. ஒரு நாளைக்கு எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது வேண்டும் என்பது முதியோர் உணவு பற்றிய வல்லுநர்களின் பரிந்துரை. 50 கிலோ இருந்தால் 50 கிராம். கஞ்சியும் ஊறுகாயும் அதன் பக்கத்தில்கூட வராது. ஒரு முட்டையில் 6 கிராம். பல் இல்லையென்றால் குழைய வெந்த சிறுபயறு, தயிர், உதிர்த்த மீன் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். தாகமும் மங்கிப்போவதால் கேட்காமலே தண்ணீர் கொடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் சட்டி இறக்கியதும் அம்மாவின் தட்டுக்குத்தான் முதலில் இரண்டு சாளை போகிறது, நடுமுள் எடுத்து.