ஒரு கைப்பேசி, ஒரு வாய்க்கால்: வகுப்பில் கன அடியை அளப்பது எப்படி?

மேட்டூர் அணை திறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் 'கன அடி' என்ற சொல் காதில் விழாத நாளே இல்லை. ஆனால் ஒரு கன அடித் தண்ணீர் எவ்வளவு என்று ஏழாம் வகுப்பில் கேட்டபோது ஒருவரும் கை தூக்கவில்லை. தொலைவு, வேகம் பற்றிய பாடமும் அதே வகுப்பில்தான் வருகிறது. இரண்டையும் சேர்த்து நடத்த ஒரே ஒரு கைப்பேசி போதும், அதுவும் ஆசிரியருடையது. பிள்ளைகளைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். வீட்டுக்கு ஒரே கைப்பேசி, அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப்போகும் குடும்பங்கள் இங்கே நிறைய.

முதல் வேலை, இடம் பார்ப்பது. ஆறு வேண்டாம், பெரிய வாய்க்காலும் வேண்டாம். வயலுக்குப் பாயும் சிறிய வாய்க்காலில், வளைவில்லாமல் நேராக ஓடும் 30 அடி நீளம் போதும். இரு முனையிலும் குறுக்கே ஒரு கயிறு கட்டுங்கள். பிள்ளைகள் கரையைவிட்டு இறங்கவே கூடாது. அகலத்தையும் ஆழத்தையும் நீங்களோ, தண்ணீர் பாய்ச்சும் விவசாயியோ அளந்து சொல்லலாம். ஆழத்தை மூன்று இடங்களில் குச்சி விட்டுப் பார்த்துச் சராசரி எடுங்கள்.

அடுத்தது மிதவை. நாங்கள் முதலில் காகிதக் கப்பல் விட்டோம். எதிர்க்காற்று அதைக் கரையில் ஒதுக்கிவிட்டது. பாதிக்கு மேல் நீரில் அமிழ்ந்து மிதக்கும் பொருள்தான் சரி. வாழைமரத் துண்டு ஒன்று வெட்டிக்கொண்டால் காற்று அதை ஒன்றும் செய்யாது.

கைப்பேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் பதிவு கெடும். முதல் கயிற்றுக்குச் சில அடி மேலே துண்டை விட்டு, கரையோரம் உடன் நடந்தபடியே வீடியோ எடுங்கள். துண்டு ஒவ்வொரு கயிற்றையும் கடக்கும்போது அதற்கு நேரெதிரே நில்லுங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால், நிற்கும் இடத்தைப் பொறுத்து, முன்பே கடந்துவிட்டதுபோலவோ இன்னும் கடக்காததுபோலவோ தெரியும். ஐந்து முறை எடுங்கள். பிள்ளைகளின் முகம் பதிய வேண்டாம். பதிந்தால் எந்தக் குழுவிலும் பகிராதீர்கள்.

இனி வகுப்பறை. இங்கேதான் நிதானம் வேண்டும். ஆறு பேர் கொண்ட குழுவாகப் பிரித்து, ஒரு குழு கைப்பேசியைப் பார்க்கும்போது மற்றவர்கள் வாய்க்காலின் குறுக்குவெட்டை வரைபடத்தாளில் வரையட்டும். முதல் கயிற்றைத் தொடும் இடத்தில் வீடியோவை நிறுத்தி நேரத்தைக் குறிக்க வேண்டும், அடுத்த கயிற்றிலும் அப்படியே. ஒரு குழு 19 விநாடி என்னும், இன்னொன்று 21 என்னும். சண்டை வரும், வரட்டும். எல்லா எண்களையும் கரும்பலகையில் எழுதி, எது ஏன் மாறுகிறது என்று அவர்களையே பேசவிடுங்கள். சராசரி என்ற சொல் எதற்கு வந்தது என்பது அந்தச் சண்டையில் புரிவதுபோல வேறெதிலும் புரிவதில்லை.

கணக்கு இதுதான். 30 அடியை 20 விநாடியில் கடந்தால் வேகம் விநாடிக்கு 1.5 அடி. அடியிலும் கரையிலும் உராய்வதால் உள்ளே ஓடும் நீர் மேற்பரப்பைவிட மெதுவாகவே போகும். அதற்காக 0.85 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1.28. வாய்க்கால் 4 அடி அகலம், 1 அடி ஆழம் என்றால் பரப்பு 4 சதுர அடி. இரண்டையும் பெருக்கினால் விநாடிக்குச் சுமார் 5 கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர். அப்படியானால் 140 லிட்டருக்கு மேல். 15 லிட்டர் குடத்தில் ஒவ்வொரு விநாடியும் ஒன்பது குடம்! எங்கள் வகுப்பு இந்த இடத்தில் ஒரு நிமிடம் அமைதியாகிவிட்டது.

பாடநூலில் உள்ள கியூஆர் கோட்டைத் திறந்து காட்டுவதானால் இதற்குப் பிறகு காட்டுங்கள், முன்னால் வேண்டாம்.

மறுநாள் செய்தித்தாளை எடுத்துவரச் சொல்லுங்கள். கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் ஆகியவற்றில் விநாடிக்கு எத்தனை கன அடி திறக்கப்பட்டது என்று அதில் இருக்கும். தங்கள் வாய்க்காலைப்போல எத்தனை வாய்க்கால் அதில் அடங்கும் என்று அவர்களே வகுத்துப் பார்க்கட்டும். முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் அதே இடத்தில், அதே கயிற்றைக் கட்டி மறுபடியும் எடுங்கள். பழைய வீடியோவை அழித்துவிடாதீர்கள்.