அமெரிக்கக் குற்றவியல் சட்டம்: உரிமையை விளக்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக அமெரிக்க நீதிமன்றங்களில் வாதாடும் நான், குடியேறியவர்களுக்கு அடிப்படை உரிமைகளைப் பற்றி வகுப்பெடுக்க வரும் இளம் வழக்கறிஞர்களையும் தன்னார்வலர்களையும் கவனித்து வருகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் எங்கள் தலைமுறை சொல்லித் திரிந்த அதே அரைகுறை விளக்கங்களை அவர்களும் சொல்கிறார்கள். காவலரிடம் பொய் சொல்லக் கூடாது, தப்பி ஓடக் கூடாது என்பவை எல்லோரும் அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

மிராண்டா எச்சரிக்கை சொல்லாவிட்டால் வழக்கு தள்ளுபடியாகும் என்பது

ஆகாது. பேசாமல் இருக்கலாம், பேசினால் அது எதிராகப் பயன்படும், வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம் என்று காவலர் சொல்ல வேண்டியதே மிராண்டா எச்சரிக்கை. 1966-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, ஒருவரைக் காவலில் வைத்து விசாரிக்கும்போதுதான் அது தேவை. அந்தத் தீர்ப்பைப் பெற்ற மிராண்டாவே 1967-இல் நடந்த மறுவிசாரணையில், காவல்துறையிடம் கொடுத்த வாக்குமூலம் இல்லாமலேயே தண்டிக்கப்பட்டார்.

பேசாமல் இருந்தாலே போதும் என்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான், ஏனென்றால் இதற்கு விலை கொடுப்பவர் வகுப்பெடுத்தவர் அல்லர். அமைதியாக இருக்க உரிமை உண்டு என்று சொல்பவர்கள், அந்த உரிமையை வாய்திறந்து கோர வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். டெக்சாஸில் சலினாஸ் என்பவர், கைது செய்யப்படாத நிலையில், காவல் நிலையத்தில் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கொலை நடந்த இடத்தில் கிடைத்த தோட்டா உறைகள் அவருடைய துப்பாக்கியோடு பொருந்துமா என்று கேட்டபோது மட்டும் தலைகுனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அந்த மௌனத்தையே அரசுத் தரப்பு ஜூரியிடம் குற்றத்தின் அடையாளமாகக் காட்டியது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாதிருக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம் தரும் உரிமையைக் கோருவதாக அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை என்பதால், அவருடைய மேல்முறையீட்டை 2013-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் நிராகரித்தது. அதற்கு முன், 2010-இல் முடிவான தாம்ப்கின்ஸ் வழக்கில், எச்சரிக்கை பெற்றபின் ஏறக்குறைய 3 மணி நேரம் பெரும்பாலும் மௌனமாக இருந்தவர், அந்தப் பையனைச் சுட்டதற்காகக் கடவுளிடம் மன்னிப்பு வேண்டுகிறாயா என்ற கேள்விக்கு "ஆம்" என்றார். அந்த ஒரு சொல் அவருக்கு எதிரான சாட்சியமாக ஏற்கப்பட்டது.

அதிகாரியிடம் நேராக மறுத்துப் பேசினால் மரியாதைக் குறைவு என்று வளர்ந்த நம்மவர்களிடம் இது இன்னும் மோசமாகிறது. என் கட்சிக்காரரான ஒரு தமிழ் இளைஞர், வக்கீலிடம் கேட்டுவிட்டுப் பேசினால் நன்றாயிருக்குமோ என்று தயங்கியதும், விசாரணை அதிகாரி தலையசைத்து, காபிக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போனதும் காணொளியில் தெளிவாகப் பதிவாகியிருந்தன. அதன்பின் அவர் சொன்ன எதையும் என்னால் சாட்சியத்திலிருந்து விலக்க முடியவில்லை. 'ஒருவேளை வக்கீலிடம் பேச வேண்டுமோ' என்ற அளவிலான பேச்சு கோரிக்கை ஆகாது என்று டேவிஸ் வழக்கில் 1994-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே, வகுப்புக்கு வருபவர்களை "நான் பேச விரும்பவில்லை, எனக்கு வழக்கறிஞர் வேண்டும்" என்று உரக்கச் சொல்லிப் பழகச் செய்யுங்கள். அப்படிக் கோரியபின் விசாரணை நிற்க வேண்டும் என்பது 1981-ஆம் ஆண்டின் எட்வர்ட்ஸ் தீர்ப்பு. ஆனால், கோரியவரே வழக்கைப் பற்றி மறுபடி பேச்செடுத்தால் அந்தப் பாதுகாப்பு கைவிட்டுப் போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சோதனைக்குச் சம்மதிப்பது

வீட்டையோ காரையோ சோதனையிடச் சம்மதம் கேட்கும் காவலர், மறுக்கலாம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. "சம்மதிக்கவில்லை" என்று சொல்லலாம். கையால் தடுக்கக் கூடாது.

சிறைத்தண்டனை இல்லை என்றதும் குற்றத்தை ஒப்புக்கொள்வது

அமெரிக்காவில் தண்டனைகளில் மிகப் பெரும்பாலானவை ஜூரியின் முன் விசாரணை நடக்காமல், ஒப்புதல் பேரத்திலேயே, அதாவது சலுகைக்கு ஈடாகக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் உடன்பாட்டிலேயே முடிகின்றன. குடியுரிமை இல்லாதவருக்கு அந்த ஒப்புதலே நாடுகடத்தலுக்குக் காரணமாகலாம் என்பதால், அந்த அபாயத்தை அவருக்கு எடுத்துச் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்று 2010-இல் படில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு நியமித்த வழக்கறிஞராக இருந்தாலும், தம் விசா நிலையை அவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். கையெழுத்திட்டபின் அதைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.