தோற்கிற டீமுக்காக வாய் கொடுப்பது எப்படி

பேஸ்பால் டீமை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, அது வாய்க்கிறது. பேரன் எந்தத் தொப்பியோடு வீடியோ காலில் வந்து நிற்கிறானோ அதுதான் நம் டீம். எனக்கு வாய்த்தது சிகாகோ ஒயிட் சாக்ஸ். 2024-இல் 162 ஆட்டம் ஆடி 41 ஜெயித்து 121 தோற்றார்கள். 1900-க்கு இப்பால் ஒரே சீசனில் இத்தனை தோற்ற டீம் வேறு கிடையாது. அதுவரை அந்தப் பெயர் 1962-இல் 120 தோற்ற நியூயார்க் மெட்ஸிடம் இருந்தது. மாப்பிள்ளையோ அதே ஊரின் இன்னொரு டீமான கப்ஸ் கட்சி. மகள் எந்தக் கட்சியும் இல்லை, பேச்சு ஆரம்பித்தால் துணி மடிக்கப் போய்விடுவாள்.

கோட்டையூர், காரைக்குடி, தேவகோட்டை என்று நம் பக்கத்தில் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு ஃபோனும் கையுமாக இருக்கிற என் வயதுக்காரர்கள் நிறைய. "என்னடா சாப்பிட்டே, அங்கே குளிரா" என்ற இரண்டு கேள்விக்கு மேல் பேரப்பிள்ளைகளிடம் பேச்சு ஓடாது. வாதாட ஒன்று கிடைத்தால் அரை மணி நேரம் ஓடும். அதற்குத் தோற்கிற டீம்தான் தோது. ஜெயித்த டீமைப் பற்றி "சூப்பர்" என்றால் பேச்சு தீர்ந்தது. தோற்ற டீம் என்றால் யார் மேல் தப்பு என்று ஆரம்பிக்கலாம். பழியை யார் தலையில் வைப்பது, எந்த வரிசையில் வைப்பது என்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது.

நேரம் நமக்குச் சாதகம். சிகாகோவில் மாலை 6:40-க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு விடியற்காலை 5:10. வாசல் தெளித்துக் கோலம் போட்டு, காபியோடு முகப்பில் வந்து உட்கார்ந்தால் சரியாக இருக்கும். 2023-இல் பந்து வீச கடிகாரம் வைத்ததிலிருந்து ஆட்டம் சராசரியாக இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் போகிறது. எட்டு மணிக்குள் முடிந்துவிடும், மாதாந்திரக் கரண்ட் கட்டும் அதற்கு அப்புறம்தான். அங்கே இரவு ஒன்பதேகால் ஒன்பதரை, பேரன் படுக்கப் போகும் நேரம். அப்போது கூப்பிடுங்கள், கோபம் ஆறியிருக்காது.

ஆட்டத்தின் சட்டம் கொஞ்சம் தெரிந்தால் போதும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். வீசுபவர் பிட்சர். பேஸ் என்பது ஓடிப் போய்த் தொட வேண்டிய இடம், நான்கையும் சுற்றி வந்தால் ஒரு ரன். அடிக்கக்கூடிய பந்தை விட்டாலோ வீசித் தவறினாலோ ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட், நான்கு பந்து தப்பாக வந்தால் சும்மாவே முதல் பேஸுக்கு நடக்கலாம். மற்றதெல்லாம் சண்டை போடப் போட வந்துவிடும்.

முதல் பாடம், ஒரு ஆட்டத்தை வைத்துப் பேசாதீர்கள். பக்கத்து வீட்டு அண்ணன் சென்னை சூப்பர் கிங்ஸ் பக்தர். "121 தோல்வியா, கலைச்சிட்டுப் போக வேண்டியதுதானே ஆச்சி" என்றார். 2025 ஐபிஎல்லில் அவர் டீம் 14 ஆட்டத்தில் 4 ஜெயித்து, வரலாற்றிலேயே முதல் தடவையாகக் கடைசி இடத்துக்குப் போனது. சதவீதம் போட்டால் அவர்களுக்கு 28 சொச்சம், எங்களுக்கு 25 சொச்சம். காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அப்புறம் அவர் கலைக்கிற பேச்சை எடுக்கவில்லை. 2024-இல் லீக்கிலேயே அதிகம் ஜெயித்த லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸே 64 ஆட்டம் தோற்றது. பேஸ்பாலில் தினமும் ஆட்டம், தினமும் யாராவது தோற்றுக்கொண்டேதான் இருப்பார்கள். அதனால் "நேத்து இப்படி ஆடிட்டாங்களே" என்று ஆரம்பிப்பவர் வாதத்தில் பாதி தோற்றவர்.

பார்க்க வேண்டிய எண் ஒன்று உண்டு. சீசன் முழுக்க அடித்த ரன் எவ்வளவு, கொடுத்த ரன் எவ்வளவு. ஒயிட் சாக்ஸ் 2024-இல் அடித்தது 507, கொடுத்தது 813. 306 ரன் பள்ளம். அதிர்ஷ்டம் இல்லை, ஒரு ரன்னில் போச்சு என்கிற சமாதானமெல்லாம் இந்த எண்ணிடம் எடுபடாது. நம் டீமைப் பற்றி நமக்குக் கசப்பான எண்ணை நாமே முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும். மாப்பிள்ளை அதை எடுத்து வைக்கக் காத்திருப்பார், அவருக்கு அந்த இன்பத்தைக் கொடுக்கக்கூடாது.

அடுத்தது பிட்சரைத் திட்டுவது. எல்லாரும் முதலில் இங்கேதான் வந்து விழுவார்கள், ஏனென்றால் ஒவ்வொரு பிட்சர் பெயருக்குப் பக்கத்திலும் இத்தனை வெற்றி இத்தனை தோல்வி என்று போட்டிருக்கும். அதை நம்பாதீர்கள். கேரட் குரோஷே 2024-இல் ஒயிட் சாக்ஸுக்கு வீசியபோது 6 வெற்றி, 12 தோல்வி. ஆனால் 146 இன்னிங்ஸில் 209 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்தார். அடுத்த வருடம் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குப் போனார்: 18 வெற்றி, 5 தோல்வி, 255 ஸ்ட்ரைக் அவுட். அங்கே இன்னும் நன்றாக வீசினார் என்பதும் உண்மைதான். ஆனாலும் 6-12 என்பது 18-5 ஆனதற்குப் பாதிக் காரணம், அவருக்காக ரன் அடிக்க ஆள் இருந்தது. இன்னும் கெட்டியான உதாரணம் வேண்டுமானால் ஜேக்கப் டீக்ராம். 2018-இல் மெட்ஸுக்கு 10-9 தான், ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கணக்கில் விழுந்தது சராசரியாக 1.70 ரன். பெரிய லீகின் இரண்டு பாதியில் ஒன்றான தேசிய லீகின் சிறந்த பிட்சர் விருதை அவருக்குத்தான் கொடுத்தார்கள். இந்த இரண்டு பெயரையும் கையில் வைத்துக்கொண்டால் பிட்சர் மேல் பழி போடும் யாரையும் உட்கார வைத்துவிடலாம்.

குரோஷேயை விற்ற அன்று பேரன் பேசவே இல்லை. திரையில் முகம் தெரியாது, மேற்கூரைதான் தெரிந்தது. "ஆயா, அவரை வித்துட்டாங்க" என்று குரல் மட்டும் வந்தது. இந்த மாதிரி நேரத்தில் கணக்குச் சொல்லக்கூடாது, இரண்டு நாள் விடுங்கள். அப்புறம், கிடைத்தது யார் யார் என்று சேர்ந்து படியுங்கள்: கைல் டீல், பிரேடன் மான்ட்கோமரி, சேஸ் மெய்ட்ராத், விக்கெல்மன் கொன்சாலஸ். நான்கு இளசுகள். அடிமட்டத்தில் கிடக்கிற டீம் தன்னிடம் உள்ள ஒரே நட்சத்திரத்தைக் கொடுத்து நான்கு விதை வாங்குவது இந்த விளையாட்டில் வழக்கம். டீலும் மெய்ட்ராத்தும் 2025-லேயே பெரிய லீகில் ஆட வந்துவிட்டார்கள். "அப்போ அது நல்ல வியாபாரமா?" என்று பேரன் கேட்டான். மூன்று வருடம் கழித்துச் சொல்கிறேன் என்றேன். விற்றதற்குத் தீர்ப்பு அன்றைக்கே சொல்லாதீர்கள். மாப்பிள்ளை அன்றைக்கே சொன்னார், அதை நான் குறித்து வைத்திருக்கிறேன்.

மேனேஜர் மேல் பழி போடுவது இன்னொரு சுலப வழி. நம் ஊர்க் கிரிக்கெட்டில் கேப்டனைத் திட்டுவோமே, அங்கே அந்த இடத்தில் மேனேஜர். 2024 ஜூலை, ஆகஸ்டில் ஒயிட் சாக்ஸ் தொடர்ந்து 21 ஆட்டம் தோற்றது. ஒயிட் சாக்ஸ் ஆடுகிற மற்ற பாதியான அமெரிக்கன் லீகில் அதற்கு முன் 1988-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் மட்டுமே அத்தனை தோற்றிருந்தது. ஓக்லாண்டில் 5-1 என்று ஒருவழியாக ஜெயித்த இரண்டு நாளில் மேனேஜர் பெட்ரோ கிரிஃபோலை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது கணக்கு 28-89. தற்காலிகமாக வந்த கிரேடி சைஸ்மோரின் கீழ் மிச்ச 45 ஆட்டத்தில் 13 வெற்றி. அதாவது ஆளை மாற்றியும் டீம் அதே டீம்தான். மேனேஜரைத் திட்டுபவரிடம் இந்த 13-ஐ நீட்டுங்கள்.

பிறகு யாரைத்தான் திட்டுவது? மேலே பாருங்கள். ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப் 1981-லிருந்து முதலாளி. பெரிய ஊர், பெரிய மைதானம். ஆனால் அந்த கிளப் தன் வரலாற்றிலேயே ஒரு ஆட்டக்காரருக்குக் கொடுத்த பெரிய ஒப்பந்தம், 2023 சீசனுக்கு முன் ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்குக் கொடுத்த ஐந்து வருட 7.5 கோடி டாலர். அடுத்த குளிர்காலத்தில் டாட்ஜர்ஸ் ஒஹ்தானிக்கு எழுதியது 70 கோடி. அதற்கடுத்த வருடம் மெட்ஸ் ஹுவான் சோட்டோவுக்கு எழுதியது 76.5 கோடி. கணக்குப் பிள்ளைகள் நிறைந்த நம் ஊரில் இதை விளக்கவே வேண்டாம். 2024 கடைசி வாரம் சிகாகோ ரசிகர்கள் மைதானத்தில் உட்கார்ந்து "டீமை வித்துடு" என்றுதான் கோஷம் போட்டார்கள். அதிலும் ஒரு கூத்து: 121-ஆவது தோல்வியை நேரில் பார்த்துவிடலாம் என்று கூட்டம் வந்தது, அந்த மூன்று ஆட்டத்திலும் ஏஞ்சல்ஸை நம் ஆட்கள் ஜெயித்துத் தொலைத்தார்கள். சாதனை டெட்ராய்ட்டில் போய்த்தான் நடந்தது.

அம்பயரை என்ன செய்வது? இதற்கு 2024 மே 23 ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஓரியோல்ஸோடு. கடைசி இன்னிங்ஸில் 8-2 பின்தங்கி, நான்கு ரன் அடித்து 8-6 வரை வந்தார்கள். ஒரு அவுட், இரண்டு பேஸில் ஆள். பெனின்டெண்டி உயரத் தூக்கினார், பந்து உள் மைதானத்துக்கு மேலேயே நின்றது. இப்படி இருந்தால் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பேட்டர் அவுட். வேண்டுமென்றே கீழே விட்டு இரண்டு பேரைத் தூக்கக்கூடாது என்பதற்காக வைத்த சட்டம் அது. இரண்டாம் பேஸுக்குத் திரும்பிய ஆண்ட்ரூ வான், பந்தைப் பிடிக்க வந்த ஷார்ட்ஸ்டாப்பின் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) வழியில் இருந்துவிட்டார். பந்தையும் அந்த ஷார்ட்ஸ்டாப் பிடித்துவிட்டார். இருந்தும், குறுக்கே நின்றதாக வானையும் அவுட் கொடுத்தார் அம்பயர். ஒரே பந்தில் இரண்டு அவுட், ஆட்டம் காலி. பேரன் கத்திய கத்தலில் என் காபி ஆறிப்போனது. "ரூல்னா ரூல்தானே அத்தை" என்றார் மாப்பிள்ளை. பேரன் பத்து நிமிஷம் திட்டட்டும், நீங்களும் சேர்ந்து திட்டுங்கள், அது உடம்புக்கு நல்லது. பத்து நிமிஷம் கழித்து மட்டும், 8-2 ஆனது யாரால் என்று கேளுங்கள்.

எதிராளிக்கு வருவோம். ஒயிட் சாக்ஸ் தெற்குச் சிகாகோ, கப்ஸ் வடக்கு. இது பங்காளிச் சண்டை, அதனால் இன்றைய ஸ்கோரை விடப் பழைய கதைக்குத்தான் மரியாதை. 1906-இல் உலகத் தொடரில், அதாவது இரண்டு லீகின் சாம்பியன்கள் மோதும் இறுதித் தொடரில், இவர்கள் இருவரும் மோதினார்கள், அது ஒரே தடவைதான். அந்த வருடம் 116 ஆட்டம் ஜெயித்து வந்த கப்ஸை ஒயிட் சாக்ஸ் 4-2 என்று மடக்கியது. இதை மாப்பிள்ளையிடம் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம், பதில் கிடையாது. அவர் 2016 கோப்பையைக் காட்டுவார். அதற்கு முன் அவர்கள் ஜெயித்தது 1908 என்று மெதுவாகச் சொல்லுங்கள். நாங்கள் 2005-இலேயே எடுத்துவிட்டோம், ஹூஸ்டனை 4-0. அந்த 108 வருஷத்துக்குக் கப்ஸ்காரர்கள் சொன்ன காரணம் ஒரு வெள்ளாடு. 1945-இல் ஆட்டோடு மைதானத்துக்கு வந்த ஒரு மதுக்கடைக்காரரை வெளியே அனுப்பினார்களாம், அவர் சாபம் கொடுத்தாராம். படித்த பிள்ளைகள் சொல்கிற கதை இது!

ஆனால் 1919-க்குப் பக்கத்தில் போகாதீர்கள். சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு உலகத் தொடரை விட்டுக்கொடுத்ததாக ஒயிட் சாக்ஸ் ஆட்டக்காரர் எட்டுப் பேர் மேல் குற்றம் வந்தது. கோர்ட் விடுவித்தும் 1921-இல் ஆயுள் தடை விழுந்தது. இறந்துபோனவர்கள் மேல் இருந்த தடையை லீக் 2025 மே மாதம்தான் எடுத்தது. மாப்பிள்ளை இதைக் கிளப்பினால் உடனே போப்பாண்டவரை இறக்குங்கள். அதே மே மாதம் போப் ஆன பதினான்காம் லியோ சிகாகோக்காரர். முதலில் கப்ஸ் ரசிகர் என்று செய்தி வந்தது, அவருடைய அண்ணனே வந்து ஒயிட் சாக்ஸ் என்று திருத்தினார். 2005 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் அவர் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற டிவி காட்சியும் கிடைத்தது. மாப்பிள்ளை அன்றைக்கு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

சில நாள் வாய் திறக்காமல் இருப்பதும் வேண்டும். பரீட்சை வாரம், காய்ச்சல், பேரன் "பாக்கலை" என்று சொன்ன நாள். அன்றைக்கு ஸ்கோரை நாமாகச் சொல்லக்கூடாது.

சீசன் செப்டம்பரோடு முடிந்துவிடும், தோற்ற டீமுக்கு அக்டோபர் கிடையாது. ஆனால் வாதத்துக்கு விடுமுறை இல்லை. கடைசியாக வந்தவர்களுக்கு இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க முதல் வாய்ப்பு கிடைக்கும் என்று நினைப்போம், அங்கே அதற்கும் ஒரு குலுக்கல். வருமானத்தில் மற்ற டீம்களுக்குப் பங்கு கொடுக்கிற பெரிய ஊர் டீம்கள் அடுத்தடுத்த வருடம் அந்தக் குலுக்கலில் சேர முடியாது. அதனால் 121 தோற்றும் 2025-இல் ஒயிட் சாக்ஸுக்குக் கிடைத்தது பத்தாவது இடம். அந்த வருடமும் 60-102 என்று தோற்று, 2026-க்கான குலுக்கலில் முதல் இடத்தைப் பிடித்தார்கள். இந்தச் சட்டம் நியாயமா என்பது ஒரு டிசம்பர் முழுக்கத் தாங்கும்.

ஏப்ரலுக்கு முன் ஒரு வேலை பாக்கி: புதுப் பெயர்களை வாயில் வரவழைப்பது. 2025-இல் 71 ஆட்டத்தில் 21 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்த கோல்சன் மான்ட்கோமரி, ஜப்பானில் 2022-இல் ஒரே சீசனில் 56 அடித்துவிட்டு இப்போது சிகாகோ வந்திருக்கிற முனெடாகா முராகாமி. காபி போடும்போது நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். முராகாமி நம் நாக்குக்குச் சுலபமாக வருகிறது. மான்ட்கோமரி இரண்டு பேர் இருப்பதால் பிரேடனா கோல்சனா என்று முழுப் பெயரும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பேரன் விடமாட்டான்.