கிளியர் ஃபிலிம் ஒட்டும்முன் தண்ணீரைப் பாருங்கள்

வண்டியின் பெயின்ட்டில் கல்லும் கீறலும் படாமல் காக்க மேலே ஒட்டும் நிறமில்லாத பிளாஸ்டிக் தாள்தான் கிளியர் ஃபிலிம். முதன்முதலாக நான் அதை ஒட்டிய வண்டி என் மச்சானுடைய கருப்புக் கார். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் ஸ்டிக்கர் கடையில் வைத்து பானெட் முழுக்க ஒட்டினேன். அன்றைக்குப் பார்த்தால் ஃபிலிம் இருப்பதே தெரியவில்லை. நாலு நாள் கழித்து மச்சான் போன் செய்தார். "மாமா, உள்ளே உப்பு தூவின மாதிரி இருக்கு, வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். ஃபிலிமுக்குள் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். தூசி என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தூசி மேடாகத் தெரியும், விரலில் தட்டுப்படும். இவை தட்டையாக, காய்ந்த துளியின் வடிவத்தில் இருந்தன. ஃபிலிமைத் தண்ணீர் அடித்துத்தான் ஒட்டுவோம். நான் ஸ்பிரே பாட்டிலில் ஊற்றியது கடையின் போர் தண்ணீர். நம் ஊர் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். அதே உப்புதான். ஃபிலிமுக்கு அடியில் மிஞ்சும் ஈரம் மெல்ல ஆவியாகிப் போகும், அதில் இருந்த உப்பு போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். முழுவதையும் உரித்தெடுத்து, என் செலவில் வேறு ஃபிலிம் ஒட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஆர்.ஓ. தண்ணீரோ, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோ இல்லாமல் கை வைப்பதில்லை.

கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணா, செராமிக் கோட்டிங் போட்டால் போதாதா?" என்பதுதான். இரண்டும் வேறு வேலை. செராமிக் சில மைக்ரான் கனமுள்ள பூச்சு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தண்ணீர் நிற்காமல் ஓடும், பளபளப்பு கிடைக்கும், கழுவுவது சுலபம். கல்லைத் தடுக்காது. கம்பெனி பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான். அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான். நல்ல ஃபிலிம் ஒன்று 150 முதல் 200 மைக்ரான் இருக்கும், அதாவது பெயின்ட்டை விடவே கனம். ரப்பர் போன்ற மென்மையும் இருப்பதால் கல் பட்டால் அடியை வாங்கிக்கொள்ளும். வியட்நாம் போரின்போது அமெரிக்க ஹெலிகாப்டர்களின் இறக்கைகளை மணலும் தூளும் தேய்க்காமல் இருக்கச் செய்த ஃபிலிமிலிருந்து வந்த சரக்கு இது.

முழு வண்டிக்கும் ஒட்ட வேண்டுமா? என்னைக் கேட்டால், பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். எனக்கு அதில்தான் வருமானம் அதிகம், இருந்தாலும் சொல்கிறேன். வாரம் ஒருமுறை வாலாஜா வழியாகச் சென்னைக்கோ, பள்ளிகொண்டா டோல் தாண்டி ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கமோ போகிறவரா? ஜல்லி லாரிக்குப் பின்னால் போகாமல் இருக்க முடியாது. அவருக்குப் பானெட், முன் பம்பர், சைடு மிரரின் முதுகு, முன் சக்கரத்துக்குப் பின்னால் கதவுக்குக் கீழே உள்ள பகுதி, இவை கட்டாயம். ஊருக்குள்ளேயே, காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் நடுவே மட்டும் ஓட்டுகிறவருக்கு கதவு விளிம்பும் கைப்பிடிக் குழியும் போதும். பைக் என்றால் டேங்கின் இரு பக்கம், பேன்ட் ஜிப்பும் பெல்ட் பக்கிளும் உரசும் இடம். ஸ்கூட்டரில் சாவிக்கொத்து ஆடி ஆடிக் கீறும் இடமும், கொக்கியில் மாட்டும் காய்கறிப் பை தேய்க்கும் பேனலும். உங்கள் வண்டியைக் கழுவிவிட்டு வெயிலில் நிறுத்தி, எங்கே கீறல் விழுந்திருக்கிறது என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஃபிலிம் எங்கே வேண்டும் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

ஃபிலிம் வாங்கும்போது டி.பி.யு.வா (ரப்பர் போல் நீளும் பாலியூரித்தேன்), பி.வி.சி.யா என்று பாருங்கள். பி.வி.சி. விலை குறைவு. நம் வெயிலில் மஞ்சளாகும், விறைத்துப்போகும், உரிக்கும்போது துண்டு துண்டாக வரும். டி.பி.யு. என்று சொல்லி பி.வி.சி. ரோலை என் தலையில் ஒருவர் கட்டியிருக்கிறார், அதனால் இப்போது இரண்டு சோதனை செய்யாமல் வாங்குவதில்லை. ஒரு விரல் அகலத் துண்டை இழுத்து விடுங்கள். டி.பி.யு. நன்றாக நீண்டு, விட்டதும் ஏறக்குறைய பழைய அளவுக்கு வரும். பி.வி.சி. இழுத்த இழுப்பிலேயே தொய்ந்து நிற்கும். அடுத்தது, பித்தளை பிரஷ்ஷால் மேலே லேசாக நாலு இழுப்பு. கீறல் கீறலாகத் தெரியும். அதன் மேல் டீக்குக் கொதிக்கும் அளவுக்குச் சூடான தண்ணீரை ஊற்றுங்கள். மேல்பூச்சு நல்லதாக இருந்தால் கண் முன்னாலேயே கீறல்கள் மூடிக்கொள்ளும். ஆழமாக வெட்டுப்பட்டது மூடாது, அதை யாரும் எதிர்பார்க்கவும் கூடாது.

சரி, வேலைக்கு வருவோம். பானெட்டும் பம்பரும் இரண்டு ஆள் வேலை, முதல்முறை செய்கிறவர்கள் அதில் இறங்க வேண்டாம். சின்ன இடங்களை வீட்டிலேயே செய்யலாம்.

நேரம் முக்கியம். கத்திரி வெயிலில் பத்து மணிக்கு மேல் பேனலைத் தொட முடியாது. சூடான பேனலில் பசை உடனே பிடித்துக்கொள்ளும், நகர்த்த விடாது. காலை ஆறு மணிக்கு, மூடிய இடத்தில், தரையில் தண்ணீர் தெளித்து, ஃபேனை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு வராதீர்கள், பசைப் பக்கத்தில் விரல் ரேகை அப்படியே நிற்கும். டேஷ்போர்டுக்கு அடிக்கும் பாலிஷ் ஸ்பிரே பக்கத்திலேயே இருக்கக்கூடாது.

வண்டியை ஷாம்பு போட்டுக் கழுவிக் காயவிட்டபின், கையை மெல்லிய பாலிதீன் கவருக்குள் விட்டு பெயின்ட் மேல் தடவிப் பாருங்கள். வெறும் கைக்கு வழவழப்பாகத் தெரிந்தது இப்போது சொரசொரப்பாகத் தெரியும். காட்பாடி ஜங்ஷன் ஸ்டாண்டில் தினமும் நிறுத்தும் வண்டிகளில் இது அதிகம், தண்டவாளத்திலிருந்து பறக்கும் இரும்புத் துகள். வெள்ளை வண்டி என்றால் ஆரஞ்சுப் புள்ளியாகக் கண்ணுக்கே தெரியும். இரும்புத் துகளைக் கரைக்கும் அயர்ன் ரிமூவர் அடித்துக் கழுவி, ஷாம்புத் தண்ணீர் விட்டு, களிமண் கட்டி போன்ற கிளே பாரால் மெதுவாகத் தேய்த்தால் போய்விடும். கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைக்க வேண்டும். சி.எம்.சி. பக்கத்து மருந்துக் கடைகளில் கிடைக்கும். சானிட்டைசரை வைத்துத் துடைக்காதீர்கள், அதில் கிளிசரின் இருக்கும், பசை பிடிக்காது.

இரண்டு பாட்டில் தயார் செய்யுங்கள். ஒன்றில் ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர், நாலைந்து சொட்டு பேபி ஷாம்பு. இது வழுக்குவதற்கு. அதிகம் ஊற்றினால் ஓரம் ஒட்டாது. இன்னொன்றில் நாலு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். இது பிடிப்பதற்கு.

கதவுக் கைப்பிடிக் குழியை எடுத்துக்கொள்வோம். நகமும் மோதிரமும் கீறிக் கீறி, பிறை பிறையாகக் கோடு விழும் இடம். பட்டர் பேப்பரை வைத்துக் குழியின் வடிவத்தை வரைந்து, ஃபிலிமைக் கண்ணாடி மேல் வைத்து வெட்டுங்கள். வண்டி மேல் வைத்து பிளேடை ஓட்டாதீர்கள். கை எவ்வளவு லேசாக இருந்தாலும் கிளியர் கோட்டில் கோடு விழும், வெட்டு தகடுவரை போனால் அங்கிருந்து பின்னால் துரு தொடங்கும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர்மையான மூலைதான் முதலில் தூக்கும்.

குழியில் ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாக அடியுங்கள். பின்தாளை உரிக்க உரிக்கப் பசைப் பக்கத்திலும் அடியுங்கள், விரல் நுனியையும் நனைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வைத்து, கட்டைவிரலால் குழியின் ஆழத்தில் அழுத்திப் பிடியுங்கள். அங்கே ஆல்கஹால் தண்ணீர் கொஞ்சம் விட்டு அரை நிமிஷம் பொறுத்தால் நடு நிலைத்துவிடும். பிறகு ஸ்க்வீஜியால் (தண்ணீரைத் தள்ளி எடுக்கும் பட்டை) நடுவிலிருந்து வெளியே, ஒவ்வொரு இழுப்பும் முந்தைய இழுப்பின் மேல் பாதி ஏறும்படி இழுங்கள். விளிம்பில் சின்னச் சின்ன மடிப்பு விழும். பதற வேண்டாம். அந்த இடத்தை மட்டும் தூக்கி, ஹேர் டிரையரால் சூடு காட்டி, லேசாக இழுத்துப் படிய வைத்தால் மடிப்பு கரைந்துபோகும். தூசி மாட்டியிருந்தால் அந்த ஓரத்தைத் தூக்கி ஷாம்புத் தண்ணீரைப் பாய்ச்சுங்கள், தண்ணீரோடு அது வெளியே வந்துவிடும், விரலால் நோண்டக்கூடாது. கடைசியில் ஓரம் முழுக்க ஆல்கஹால் தண்ணீர், அழுத்தம், கொஞ்சம் சூடு.

மறுநாள் பார்க்கும்போது உள்ளே நீர்க்குமிழ்கள் தெரியும். அவை ஒன்றிரண்டு வாரத்தில் தானே போய்விடும். ஈரமே இல்லாத காற்றுக் குமிழ் போகாது, இன்சுலின் ஊசி முனையால் ஓரத்தில் ஒரு துளை போட்டு அழுத்தினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. பட்டறையில் மறுபெயின்ட் அடித்த பேனல் என்றால் குறைந்தது இரண்டு மாதமாவது விடுங்கள். பெயின்ட் முழுதாக இறுகாமல் மேலே மூடினால், பின்னால் ஃபிலிமை உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரும். பழைய வண்டி வாங்கியவர்கள் முந்தைய சொந்தக்காரரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டபின் என்னிடம் வாருங்கள்.

ஒட்டிய ஒரு வாரம் கழுவக்கூடாது. அப்புறம் வாட்டர் வாஷ் கடைக்குப் போனால் கூடவே நில்லுங்கள். துப்பாக்கி முனை ஓரத்துக்கு ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும், அடிபாகத்துக்கு டீசல் அடிக்கும் பழக்கம் இருந்தால் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். டீசல் ஓரப் பசையை இளக்கிவிடும். காக்கை எச்சத்தைக் காயவிடாமல் அன்றே ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள். ரத்தினகிரிக்கோ ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கோ பூஜைக்குப் போகிறவர்களும், ஆயுத பூஜைக்கு வீட்டில் பொட்டு வைக்கிறவர்களும், சந்தனத்தையும் குங்குமத்தையும் கண்ணாடியில் வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட்டில் துடைத்தால் போகும் சாயம், ஃபிலிமின் மேல்பூச்சில் ஊறிவிடுகிறது. மஞ்சள் கறையாவது வெயிலில் கொஞ்சம் வெளுக்கும், குங்குமம் அப்படியே நிற்கும்.

உரிப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மஞ்சளாகி, வெடிப்பு விடும்வரை விட்டுவைக்கக்கூடாது. சூடு காட்டி, நேராக மேலே தூக்காமல், பெயின்ட்டோடு படுக்கையாக மடித்து மெதுவாக இழுக்க வேண்டும். போன மார்கழியில் என் மனைவியின் சிவப்பு ஸ்கூட்டரில் ஆறு வருஷம் இருந்த துண்டை அப்படித்தான் உரித்தேன். அடியில் பெயின்ட் வாங்கிய அன்று இருந்த சிவப்பு. சுற்றியிருந்தது வெளுத்திருந்தது, நடுவில் ஃபிலிமின் வடிவத்தில் ஒரு கோடு. அதைப் பார்த்தபிறகு சிவப்பு வண்டிகளுக்குப் பாதிப் பேனலில் ஒட்டுவதை விட்டுவிட்டேன். பேனலின் மடிப்புவரை, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஒரே துண்டாகத்தான் ஒட்டிக் கொடுக்கிறேன்.