சவரக்கத்தி தீட்டும்போது விடுகிற பிழைகள்

அம்மப்பாவின் தகரப் பெட்டியில் இருந்து அந்தச் சவரக்கத்தியை எடுத்தபோது, அலகின் அடியில் ‘சோலிங்கன்’ என்ற எழுத்து மங்கலாகத் தெரிந்தது. ஜெர்மனியில் அந்த நகரப் பகுதியில் செய்த கத்திக்கு மட்டும்தான் அந்தப் பெயரைப் பொறிக்கலாம் என்று 1938ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். அதெல்லாம் அப்போது எனக்கு எங்கே தெரியும்? மீன் வெட்டும் கத்தியோடு சேர்த்து அதையும் ஒரு சாணைக்கடையில் கொடுத்துவிட்டேன். மோட்டாரில் சுற்றும் கல்லில் இரண்டே இழுப்பு, பொறி பறந்தது. கையில் வாங்கிப் பார்த்தால் அலகின் வாய், அதாவது வெட்டும் ஓரம், முழுக்க நீலம் பூத்திருந்தது.

அந்த நீலம் அழுக்கல்ல. உருக்கு ஏறக்குறைய 300 பாகை செல்சியஸ் சூட்டைத் தொட்டதற்கான அடையாளம். அந்தச் சூட்டில் உருக்கின் பதம் இறங்கிவிடும், பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. சவரக்கத்தியின் அலகு இரண்டு பக்கமும் குழிவாகக் கடையப்பட்டு, வாய்க்கிட்ட கடதாசி போல மெலிந்திருப்பதால் கண்மூடித் திறப்பதற்குள் சூடேறிவிடும். ஆகவே சுற்றும் கல் எதுவானாலும் வேண்டாம். என் கத்தியில் நீலம் பிடித்த பகுதியைக் கைக்கல்லில் தேய்த்து எடுக்க இரண்டு கிழமை மாலைகள் போயின. அலகும் கொஞ்சம் ஒடுங்கிவிட்டது.

அந்த நாட்களில் கல்முனைப் பக்கம் ஒரு பழைய சலூனுக்குப் போனேன். இப்போது சலூன்களில் இருப்பது அரை பிளேட் மாட்டும் கத்தி. தீட்டும் வேலையே இல்லை. ஆனால் அங்கே கத்தியை இழுத்துக் கூரைச் சீராக்கும் தோல்வார் ஒன்று சுவரில் இன்னும் தொங்கியது. நான் கத்தி பிடித்த விதத்தைப் பார்த்துவிட்டு அந்த ஐயா சொன்னார்: “தம்பி, அமத்தாதீங்க. அது தன்ட பாரத்துல போகட்டும்.”

அந்த ஒரு சொல்லில் பாதி வித்தை இருக்கிறது. சமையல் கத்தியைத் தீட்டும்போது சாய்வைக் கைதான் தீர்மானிக்கிறது. சவரக்கத்தியில் அந்த வேலையை அதன் தடித்த முதுகு பார்த்துக்கொள்கிறது. கல்லில் படுக்கவைத்தால் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் தொடும். அப்போது வாயின் இரண்டு பக்கமும் சேர்ந்து 16 முதல் 18 பாகை வரையான கோணம் தானாக அமையும். கெதியாகக் கூர் வரட்டும் என்று முதுகைக் கொஞ்சம் தூக்கித் தேய்ப்பவர்கள் அந்தக் கோணத்தைக் குலைத்துவிடுகிறார்கள். அழுத்தித் தேய்த்தாலும் அதே கதைதான்: மெல்லிய அலகு வளைந்து, வாய் ஓரிடத்தில் தேயும், ஓரிடத்தில் தேயாது. கல்லின் மேல் வாய் முன்னால் போகவேண்டும், ஏதோ கல்லில் இருந்து மெல்லிய ஏடொன்றைச் சீவி எடுப்பது போல. முதுகும் சேர்ந்து தேய்கிறதே என்று கவலைப்படுபவர்கள் அதன்மேல் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் டேப் கிழிந்ததைக் கவனிக்காமல் தொடர்ந்தால் கோணம் மாறிவிடும்.

எந்தக் கல் என்பதில்தான் காசும் கத்தியும் வீணாகின்றன. கொல்லைப்புறத்தில் அரிவாள் தீட்டும் கல் இதற்கு ஆகாது. கல்லின் இலக்கம் கூடக்கூட அதன் மணி நுண்ணியதாகும். இலக்கம் 1000 கல், வாய் உடைந்தோ உருண்டோ போன கத்திக்கு. அதற்குப் பிறகு 4000 அளவில் ஒன்று, 8000 ஒன்று, வசதி இருந்தால் 12000. புதிதாகத் தொடங்குபவர்கள் 1000இல் பத்துத் தடவை தேய்த்துவிட்டு அவசரமாக 8000க்குத் தாவுவார்கள். பளபளப்பு வரும், கூர் வராது. ஏனென்றால் இரண்டு பக்கச் சரிவும் ஒரே கோட்டில் சந்திக்கும் வேலை 1000இலேயே முடிந்திருக்க வேண்டும். முடிந்ததா என்று பார்க்க, அலகின் குதியில் இருந்து நுனிவரை ஒவ்வொரு பகுதியாலும் முழங்கை மயிரை வழித்துப் பாருங்கள். ஓரிடத்தில் வழிக்காவிட்டால் அங்கே இன்னும் வேலை மிச்சம் இருக்கிறது. நகத்தில் உரசிப் பார்ப்பதும் விரலை நீளவாக்கில் ஓட்டிப் பார்ப்பதும் வேண்டாம். முதலாவதில் கூர் போகும், இரண்டாவதில் விரல் போகும்.

தண்ணீர் ஊற்றித் தீட்டும் கல் பாவிக்கப் பாவிக்க நடுவில் குழிந்துவிடும். குழிந்த கல்லில் நேரான வாய் எப்படி வரும்? கல்லின்மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கண்ணாடித் தகட்டில் விரித்த வாட்டர் பேப்பரில் தண்ணீர் தெளித்துத் தேயுங்கள். ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் இலக்கம் 320 போதும். கோடெல்லாம் அழிந்தால் கல் சமம்.

சரி, கல் வேலை எத்தனை நாளுக்கு ஒருமுறை? நான் வருடத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தொடுவதில்லை. மற்ற நாட்களில் வார்தான். இதை நம்பாமல் கிழமைக்கிழமை கல்லில் வைப்பவர்களின் கத்தி, பாவித்துத் தேய்வதைவிடத் தீட்டியே தேய்ந்துபோகும்.

வாரில் திசை தலைகீழ்: முதுகு முன்னால், வாய் பின்னால். மறுபக்கம் திருப்பும்போது முதுகின்மேல் உருட்டித் திருப்பவேண்டும். வாயின்மேல் திருப்பினால் வாரும் வெட்டுப்படும், கூரும் மடங்கும். வார் தொய்ந்திருந்தால் வாய் உருண்டுவிடும். இறுக்கிப் பிடியுங்கள், ஆனால் அலகை அழுத்தாதீர்கள். பூவேலையும் தையலும் உள்ள பழைய இடுப்புப் பட்டி இதற்கு உதவாது. தோலுக்கு முன் துணியில் இழுப்பது நல்லது. மருதமுனைக் கைத்தறியில் தடித்த, சாயம் போடாத பருத்தித் துண்டு ஒன்றை நான் பாவிக்கிறேன். கஞ்சி முழுவதும் போகுமட்டும் அலசி, தூசு இல்லாமல் காயவைத்து எடுத்தேன். துணியில் 20, தோலில் 40 இழுப்பு, ஒவ்வொரு சேவுக்கும் முன்.

வார் சரிசெய்வது மடிந்த வாயைத்தான், உடைந்த வாயை அல்ல. சவர உருக்கைவிட மயிர் ஏறக்குறைய 50 மடங்கு மென்மையானது. ஆனாலும் அது சாய்வாக வளைந்து மோதும்போது வாயில் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் உடைவதை 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுணுக்குக்காட்டியில் காட்டினார்கள். அந்த உடைவுகள் சேர்ந்து, வாரில் இழுத்தும் கத்தி முகத்தில் பிடித்து இழுக்கத் தொடங்கும் நாளில்தான் கல் எடுக்கவேண்டும். அப்போதும் 1000 வேண்டாம், 8000இல் தொடங்கினாலே போதும்.

இனி எங்கள் ஊர்ப் பிரச்சினை. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். காற்றிலேயே உப்பு. கிணற்றுத் தண்ணீரும் பல இடங்களில் சவர். பழைய கத்திகள் கரி கூடிய உருக்கு. துரு ஏறுவதற்கு ஓர் இரவு போதும், அதுவும் வாடைக் காற்று தொடங்கிய மாரியில் சொல்லவே வேண்டாம். அந்தத் துரு வாயில் சின்னக் குழி போட்டால், தீட்டும்போது அந்த இடமே முதலில் உடையும். சேவ் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, கைப்பிடிக்குள்ளும் ஆணி இருக்கும் இடத்திலும் துணி நுனியை விட்டு ஒற்றி எடுங்கள். கொஞ்ச நேரம் திறந்தபடி காயவிட்டு, அப்புறம் மடியுங்கள். குளியலறையில் வைக்காதீர்கள். தோல் உறையிலும் வேண்டாம், அது ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். எண்ணெய் என்றால் தையல் மிசின் எண்ணெய் ஒரு துளி. தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்துக் காறிப்போகும். சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எறியாமல் கத்தியோடு போட்டு வைக்கலாம். மாரியில் தோல்வாரும் பூஞ்சணம் பிடிக்கும், அடிக்கடி பாருங்கள்.

ஒரே கத்தியை வீட்டில் இரண்டு பேர் பாவிப்பதும் கூடாது. மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் பி, சி இரத்தத்தால் பரவுபவை, சின்னக் கீறலே போதும். கொதிநீரில் போட்டால் சுத்தமாகிவிடும் என்று நினைத்தால் கைப்பிடிதான் போகும்.

பழைய கைப்பிடிகளில் பல செலுலொயிட். அது வயதாகிச் சிதையத் தொடங்கினால் அமில ஆவி விடும், அந்த ஆவி பக்கத்தில் உள்ள உருக்கை அரிக்கும். அம்மப்பாவின் பெட்டியில் இன்னொரு கத்தியும் இருந்தது. மடித்த கைப்பிடிக்குள் கிடந்த அளவுக்கு மட்டும், அச்சடித்தது போல அலகில் துரு.