ஷெரிஃப் தேடித் தர மாட்டார்

கலிஃபோர்னியாவில் முன்பணத்தைத் திருப்பித் தராத வீட்டு உரிமையாளர் மேல் சிறு வழக்கு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தீர்ப்பு உங்கள் கையில், பணம் இன்னும் அவர் கையில். ‘இனி ஷெரிஃப் பார்த்துக்கொள்வார்’ என்று உட்கார்ந்துவிடுவதுதான் பலரும் செய்கிற பெரிய தவறு.

நம்மூர் அமீனா செய்யும் வேலையை அங்கே கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) ஷெரிஃப் அலுவலகம் செய்கிறது. ஆனால் தீர்ப்புப்படி பணம் தர வேண்டிய கடனாளியின் சொத்து எங்கே இருக்கிறது என்று அது தேடாது. எந்த வங்கி, எங்கே வேலை என்று நீங்கள் எழுத்தில் கொடுத்தால் அங்கே போகும். எழுதாததைச் செய்யாது.

தவறு வழக்கின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. வழக்குத் தாளை வாதியே நேரில் கொடுத்தால் செல்லாது. வழக்கில் சம்பந்தமில்லாத, 18 வயது நிரம்பிய ஒருவர்தான் கொடுக்க வேண்டும். சிறு வழக்கில் பிரதிவாதி அதே கவுண்டிக்காரர் என்றால் விசாரணைக்கு 15 நாள் முன்பும், வெளிக் கவுண்டி என்றால் 20 நாள் முன்பும் தாள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கடைசி வாரத்தில் ஷெரிஃபிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவசரம் என்றால் நடக்குமா? தபால் பெட்டி எண்ணை மட்டும் கொடுப்பதும் வீண். ஆள் இரவு வேலைக்காரர், காலையில்தான் வீட்டில் இருப்பார் என்பதுபோலத் தெரிந்ததை எல்லாம் எழுதிக் கொடுங்கள்.

ஜெயித்த மறுநாளே வசூலில் இறங்கவும் முடியாது. சிறு வழக்கில் மேல்முறையீட்டுக்காக 30 நாள் பொறுக்க வேண்டும். அப்புறம் பணத்தை வசூலிக்க ஷெரிஃபுக்கு அதிகாரம் தரும் நிறைவேற்று ஆணையை நீதிமன்ற எழுத்தரிடம் வாங்க வேண்டும். அதற்கு ஆயுள் 180 நாள். அது எந்தக் கவுண்டிக்கு எழுதப்பட்டதோ அங்கேதான் செல்லும். கடனாளி அலமேடா கவுண்டியில், சொத்து சாண்டா கிளாரா கவுண்டியில் என்றால் சாண்டா கிளாராவுக்கென்று ஆணை வேண்டும்.

வங்கி ஜப்தியில் நாள் பார்ப்பது முக்கியம். வங்கியிடம் தாள் போய்ச் சேரும் நேரத்தில் கணக்கில் கிடக்கிற பணம்தான் பிடிபடும். நாளை வரப்போகிற பணம் அதில் சேராது. சம்பளப் பிடித்தம் அப்படியில்லை, ஒருமுறை தொடங்கினால் கடன் தீரும்வரை ஓடும். இதில் கடனாளி நம்மவர் என்றால் ஒரு சிக்கல் உண்டு: பெயர். இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்கி, ஒரு தாளில் முன்னும் இன்னொன்றில் பின்னுமாக எழுதி வைத்திருப்போம். ஆணையில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் வங்கி கைவிரித்துவிடலாம். ஆகவே வழக்குப் போடும்போதே அவர் பெயரைச் சரிபாருங்கள். தீர்ப்புக்குப் பிறகு என்றால், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவைதான் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்து மாற்றுப் பெயரைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

மறுபக்கம் நிற்பவருக்கும் ஒரு வார்த்தை. கதவைத் திறக்காமல் இருந்தால் வழக்கு போய்விடாது. வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டுத் தபாலிலும் அனுப்ப வழி இருக்கிறது. வங்கிக் கணக்கில் கைவைத்துவிட்டார்கள், ஆனால் அது சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம் போன்ற அரசு உதவி) பணம் என்றால் விலக்குக் கேட்கலாம். நோட்டீஸ் நேரில் வந்திருந்தால் அதற்கு 15 நாள் அவகாசம், தபாலில் என்றால் 20 நாள். அந்த மனுவைப் பலர் நீதிமன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அது போக வேண்டிய இடம் ஷெரிஃப் அலுவலகம். இன்னொன்று, ‘ஷெரிஃப் பேசுகிறேன், பரிசு அட்டை வாங்கி எண்ணைச் சொல்’ என்று போன் வந்தால் சந்தேகமே வேண்டாம், மோசடிதான்.

சரி, முன்பணம் தராத அந்த உரிமையாளருக்கு வருவோம். என்னைக் கேட்டால் அவர் விஷயத்தில் ஷெரிஃபிடம் ஓடும் முன் தீர்ப்பின் சுருக்கத்தை வாங்கி, அவர் வீடு இருக்கிற கவுண்டியின் பதிவு அலுவலகத்தில் பதிந்து வைப்பேன். வீட்டை விற்கவோ மறுகடன் வாங்கவோ போகும்போது உங்கள் பணம் குறுக்கே வந்து நிற்கும்.