கார் கதவின் அடி ஓட்டைக்கு ஓர் ஈர்க்குச்சி

ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் கார் வைத்திருப்பவர்கள், கதவுகளின் அடி விளிம்பில் இருக்கும் சிறு ஓட்டைகளை மாதம் ஒருமுறை ஈர்க்குச்சியால் குத்திவிட்டு நல்ல தண்ணீரை ஊற்றிவிடுங்கள். கம்பி வேண்டாம், பெயிண்ட் கீறிவிடும். உப்புக் கரிக்கும் போர் தண்ணீரும் வேண்டவே வேண்டாம்.

கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேறத்தான் அந்த ஓட்டை. தனுஷ்கோடி போய்வந்தபோது ஒட்டிய மணல் அதை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். கூடவே உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் தகடு காயவே காயாது. துரு உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும்.

எந்தக் கம்பெனி வண்டி துருப்பிடிக்காது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். துத்தநாகம் பூசிய தகடு கூடுதலாகத் தாங்கும், சரி. ஜெர்மனியின் ஆடி (Audi) கார் கம்பெனி 1980-களிலேயே பாடி முழுவதற்கும் அப்படிச் செய்தது. ஆனால் அந்தப் பூச்சும் உப்புத் தண்ணீரில் மெல்லக் கரையும், அதனால் எந்த வண்டிக்கும் இந்த ஈர்க்குச்சி வேலை பொருந்தும்.

விளிம்பில் பெயிண்ட் ஏற்கெனவே கொப்பளம் போலப் புடைத்திருந்தால் ஈர்க்குச்சி உதவாது, டிங்கரிங் பட்டறைக்குத்தான் போக வேண்டும். சில வண்டிகளில் ஓட்டையை ரப்பர் மூடி மறைத்திருக்கும். அதைப் பிடுங்காமல் லேசாகத் தூக்கினால் போதும்.